பனிக்காலத்தில் குழந்தை தானே உடுத்தப் பழகுதல்

கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்துவிட்டால், நீலகிரி மலையில் பயிரிடுவோர் பேச்செல்லாம் உறைபனியைப் பற்றியதாகவே இருக்கும். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவுகளில் மெல்ல இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. விடியற்காலையில் புல்வெளிகள் உப்புத் தூவியது போல் வெளுத்துக் கிடக்கின்றன. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையின் தாழ்ந்த பகுதிகளில் வெப்பநிலை உறைநிலையைத் தொட்டுவிடுவதும் உண்டு. இளந்தேயிலைச் செடிகளைப் புல்லும் தழையும் கொண்டு மூடுகிறோம். காய்கறிப் பாத்திகளைக் காக்க வழி தேடுகிறோம். செடிகளுக்கு இவ்வளவு ஏற்பாடு செய்யும் நாம், வீட்டிலுள்ள 3 வயதுக் குழந்தையின் பனிக்காலத்திற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

"கம்பளிச் சட்டையும் குல்லாயும் வாங்கிக் கொடுத்திருக்கிறோமே, வேறு என்ன வேண்டும்?" என்று பலர் கேட்கக்கூடும். வாங்கிக் கொடுத்தல் பாதி வேலையே ஆகும். அந்த உடையை எப்பொழுது அணிவது, எப்பொழுது கழற்றுவது, கழற்றியதை எங்கே வைப்பது, மீண்டும் எவ்வாறு அணிவது என்பவற்றைக் குழந்தையே அறிந்திருத்தல் மற்றப் பாதி. இந்த மற்றப் பாதியைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் கற்பிப்பதில்லை. அது தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு நாளில் ஐந்து முறை

மலையில் பனிக்காலத்துப் பகல் எப்படிப்பட்டது என்பதை அங்கு வாழ்வோர் நன்கு அறிவர். உறைபனி பெய்யும் நாட்களே நல்ல வெயில் காயும் நாட்களும் ஆகும். இரவில் மேகமில்லாத வானமே பகலிலும் மேகமின்றி இருக்கிறது. காலை 7 மணிக்குக் கை விரல்கள் விறைக்கின்றன. 10 மணிக்கு வெயில் ஏறியதும் தடித்த கம்பளிச் சட்டை பாரமாகிவிடுகிறது. ஓடி விளையாடும் குழந்தைக்கு உள்ளே வியர்க்கிறது. பிற்பகல் 4 மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் மறைந்த உடனே குளிர் திரும்பி வருகிறது. வியர்வையில் நனைந்த உட்சட்டையோடு நிற்கும் குழந்தையை அந்தக் குளிர் காலைக் குளிரைவிட அதிகமாக வருத்துகிறது.

ஆகவே பனிக்கால உடை என்பது காலையில் ஒருமுறை அணிவித்து முடிக்கும் காரியம் அன்று. வெயில் ஏறியதும் கழற்ற வேண்டும். நிழலில் உறங்கும்போது மீண்டும் போட வேண்டும். கழிப்பறைக்குச் செல்லும்போது அவிழ்த்துக் கட்ட வேண்டும். மாலையில் மறுபடியும் முழுவதும் அணிய வேண்டும். ஒரு நாளில் நான்கு ஐந்து முறையேனும் இவ்வேலை நேர்கிறது. அந்த வேளைகளில் தாய் எங்கே இருக்கிறாள்? பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள். 1960-களில் குந்தா முதலிய இடங்களில் தோன்றி வளர்ந்த கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இலை கொடுக்கும் சிறு விவசாயிகளின் குடும்பங்களில், பறிப்பு நாளன்று வீட்டில் பெரியவர் ஒருவரும் இல்லாதிருப்பது வழக்கம். அங்கன்வாடியிலோ ஒரு பணியாளரும் ஓர் உதவியாளருமே உள்ளனர். குழந்தைகள் அனைவருக்கும் அவர்களே ஒவ்வொரு முறையும் பொத்தான் போட்டுவிடுதல் இயலாத செயல்.

இதன் விளைவு என்ன? உடுத்தத் தெரியாத குழந்தை காலையில் போட்ட உடையோடு மாலை வரை இருக்கிறது. வெயிலில் வியர்க்கிறது, நிழலில் நடுங்குகிறது. கால்சட்டையின் கொக்கியைக் கழற்ற முடியாமல் நனைத்துக்கொண்டு, பிறர் சிரிப்பார்களே என்று மூலையில் ஒதுங்கி நிற்கிறது. ஈர உடையின் குளிரோடு, அந்த வெட்கமும் அதன் மனத்தில் தங்கிவிடுகிறது. குழந்தை தானே உடுத்தப் பழகுவது அழகுக்கான ஒரு பழக்கம் மட்டும் அன்று. அதன் உடல்நலமும் தன்மதிப்பும் அதில் அடங்கியுள்ளன.

குளிரைத் தடுப்பது எது?

சிறு குழந்தையின் உடல், எடையை நோக்க, அதிகமான தோற்பரப்பை உடையது. ஆதலால் பெரியவரைவிட விரைவில் அது வெப்பத்தை இழக்கிறது. இந்த இழப்பைத் தடுப்பது துணியின் கனம் மட்டும் என்று எண்ணுதல் தவறு. துணி இழைகளுக்கு நடுவிலும், ஓர் ஆடைக்கும் மற்றோர் ஆடைக்கும் இடையிலும் அடைபட்டிருக்கும் அசையாத காற்றே குளிரைத் தடுக்கும் சுவர். கம்பளி இழை சுருள் சுருளாக இருப்பதால் நிறையக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் அது தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றுவதில்லை. பருத்தி அவ்வாறு அன்று. உலர்ந்திருக்கும் வரை நன்று. நனைந்துவிட்டால் உடலோடு ஒட்டி வெப்பத்தை வெளியேற்றிவிடும். இன்று கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நூலால் ஆனது. அதுவும் காற்றைப் பிடிக்கும், விரைவில் உலரும்.

இதிலிருந்து பெறப்படும் பாடம் எளியது. ஒரே தடித்த உடையைவிட, மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே மேல். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வெயில் தாழத் தாழ ஒவ்வொன்றாக அணியலாம். குழந்தையின் சிறு கைகளுக்கும் மெல்லிய உடையே கையாள எளிது. விறைப்பான தடித்த கோட்டினுள் குழந்தை முழங்கையைக்கூட மடக்க இயலாமல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட உடையை அணிவித்துவிட்டு, "நீயே கழற்றிக்கொள்" என்று சொல்வதில் நியாயம் இல்லை.

வயதும் கையும்

எந்த வயதில் எதை எதிர்பார்ப்பது என்பதைத் தாய்மார்கள் தெரிந்துகொண்டால் வீண் கோபம் குறையும். ஏறத்தாழ 1 வயதிலேயே குழந்தை தலையிலுள்ள குல்லாயையும் காலுறையையும் பிடித்து இழுத்து எறிகிறது. நாம் அதைக் குறும்பு என்கிறோம். உண்மையில் அது உடுத்தும் கல்வியின் முதல் பாடம். 2 வயதில், பொத்தான் அவிழ்த்த சட்டையைத் தோளிலிருந்து நழுவவிடத் தெரியும். கையை நீட்டி ஒத்துழைக்கவும் தெரியும். இரண்டரை வயதிலிருந்து 3 வயதிற்குள், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டையை இறக்கவும் ஏற்றவும் வரும். 3 வயதில் பெரிய பொத்தான்களை அவிழ்க்க முடியும். 4 வயதில் அவற்றைப் போடவும் முடியும். 5 வயதில் சிறிது உதவியோடு முழு உடையையும் அணிந்துகொள்ளலாம். காலணியின் நாடாவை முடிபோடுவதற்குப் பல குழந்தைகளுக்கு 6 வயதும் ஆகும்.

இவை சராசரி அளவுகளே. ஒரு வீட்டுக் குழந்தை சில மாதம் முந்தலாம். மற்றொரு வீட்டுக் குழந்தை சில மாதம் பிந்தலாம். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பேசுவதால் கை விரைவில் பழகிவிடாது. ஆனால் 5 வயது நிறைந்தும் பெரிய பொத்தானைக்கூட அவிழ்க்க இயலாமல், உண்பதிலும் நடப்பதிலும் தடுமாற்றம் காணப்பட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

கழற்றுவதே முதற்பாடம்

அணிவதற்கு முன் கழற்றக் கற்பிக்க வேண்டும். கழற்றுதல் எளிது, குழந்தை அதில் விரைவில் வெற்றி காண்கிறது. காலை நேரத்து அவசரத்தில் இதைக் கற்பிக்க முயல்வது பயன் தராது. மாலையில் வீடு திரும்பி, அடுப்பில் உலை ஏற்றிய பிறகு, உடை மாற்றும் வேளையே இதற்கு உகந்தது. அப்போது ஓட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அணியக் கற்பிக்கும்போது ஒரு முறை மிகவும் பயன் தரும். அது கடைசிப் படியிலிருந்து தொடங்குவது. காலுறையை எடுத்துக்கொள்வோம். விரல் நுனியில் மாட்டுவது, குதிகாலைத் தாண்டுவது, கணுக்காலுக்கு மேல் இழுப்பது என்று அதில் மூன்று படிகள் உள்ளன. முதல் இரண்டையும் தாய் செய்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விட வேண்டும். "நானே போட்டேன்" என்று குழந்தை மகிழும். சில நாள் சென்றபின், குதிகாலைத் தாண்டும் வேலையையும் அதற்கே விடலாம். பின்னர் முழுவதையும் விடலாம். முதற்படியிலிருந்து தொடங்கினால் குழந்தை பாதியில் சிக்கி அழும். நாம் பிடுங்கி முடித்துவிடுவோம். அங்கே முடித்த மகிழ்ச்சி நம்முடையதாகிவிடுகிறது. கடைசிப் படியிலிருந்து தொடங்கினாலோ, ஒவ்வொரு முறையும் முடித்து வைப்பவர் குழந்தையே.

ஒவ்வோர் உடைக்கும் ஒரு வழி

முன்புறம் திறந்த கம்பளிச் சட்டையையோ கோட்டையோ, அதன் உட்புறம் மேலே தெரியும்படி தரையில் பாயின்மேல் விரித்து வைக்கவும். கழுத்துப் பகுதி குழந்தையின் காலருகே இருக்க வேண்டும். குழந்தை குனிந்து இரு கைகளையும் இரு கைப்பகுதிகளில் நுழைத்து, அப்படியே தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால், சட்டை தானாக முதுகில் வந்து சரியாக விழும். இதைச் செய்து பார்க்கும் குழந்தை சிரித்துக்கொண்டே மறுபடியும் செய்யும்.

தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டரை, முன்புறம் கீழாகவும் அடி விளிம்பு குழந்தையின் பக்கமாகவும் வைக்கவும். அடிவழியே கைகளை விட்டு, கைப்பகுதிகளில் நுழைத்து, பிறகு தலையை விட வேண்டும். உட்சட்டையின் கைகள் சுருண்டு முழங்கைக்கு ஏறிவிடுவது வழக்கமான தொல்லை. உட்சட்டையின் கை நுனியை விரல்களால் உள்ளங்கையில் பற்றிக்கொண்டு ஸ்வெட்டருக்குள் கையை விடச் சொல்லிக் கொடுத்தால் இத்தொல்லை தீரும்.

பொத்தான் போடும்போது அடியிலுள்ள பொத்தானிலிருந்து தொடங்க வேண்டும். அதைக் குழந்தையால் கண்ணால் பார்க்க முடியும். இரு விளிம்புகளும் சமமாகச் சேரும். ஒன்று மாறிப் போடும் பிழை நேராது. கழுத்துப் பொத்தானைக் கடைசியாக விட்டுவிடலாம். அது கண்ணுக்குத் தெரியாததால் கடினமானது.

கால்சட்டை அணியக் குழந்தையை நிற்க வைக்க வேண்டாம். சுவரில் முதுகு சாய்ந்து தரையில் உட்கார்ந்து, இரு கால்களையும் நுழைத்த பின் எழுந்து நின்று இழுத்துக்கொள்ளட்டும். காலணிகளில் இடம் வலம் அறிய ஓர் உபாயம் உண்டு. இரு காலணிகளையும் சரியாகச் சேர்த்து வைத்து, அவை தொடும் உள்விளிம்புகளில் சாயத்தால் பாதிப் பாதி வட்டம் வரைந்துவிட வேண்டும். வட்டம் முழுமையாகத் தெரிந்தால் வைத்தது சரி.

இரவு படுக்கும் முன் மறுநாள் உடையை அணியும் வரிசைப்படி, உட்சட்டை, மேற்சட்டை, கால்சட்டை, காலுறை, ஸ்வெட்டர், குல்லாய் என்று பாயின்மேல் வரிசையாக அடுக்கி வைக்கக் குழந்தையையே பழக்கலாம். "பச்சைச் சட்டையா, சிவப்புச் சட்டையா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் விடலாம். தானே தேர்ந்த உடையைக் குழந்தை காலையில் மறுப்பதில்லை.

மாண்டிசோரி அம்மையாரின் சட்டங்கள்

இவ்வளவையும் ஒரு கல்வி முறையாகவே உலகுக்கு எடுத்துக் காட்டியவர் இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டு ஜனவரியில் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் அவர் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றுவிட, பகல் முழுவதும் கவனிப்பாரின்றித் திரிந்த குழந்தைகளே அவருடைய முதல் மாணவர்கள். நம் தோட்டத்துக் குடும்பங்களின் நிலையும் இதனின்று வெகுதூரம் அன்று.

அவர் அமைத்த சாதனங்களில் ஒன்று உடுத்தும் சட்டம். சதுரமான மரச்சட்டத்தின் இரு பக்கங்களிலும் இரண்டு துணிப் பாதிகள் பொருத்தப்பட்டிருக்கும். நடுவில் அவை சந்திக்கும் இடத்தில் ஒரு சட்டத்தில் பெரிய பொத்தான்கள், மற்றொன்றில் சிறிய பொத்தான்கள், வேறொன்றில் கொக்கிகள், இன்னொன்றில் நாடாக்கள், பிறிதொன்றில் வார்ப்பூட்டு என்று ஒவ்வொரு சட்டமும் ஒரே ஒரு வேலையைக் கற்பிக்கும். தன் மார்பின் மேலுள்ள பொத்தானைக் குழந்தையால் நன்றாகப் பார்க்க முடியாது. மடியிலோ மேசையிலோ வைத்த சட்டத்தில் பார்க்க முடியும். அவசரமும் குளிரும் இல்லாமல், வேண்டும் மட்டும் போட்டு அவிழ்த்துப் பழகலாம். கை பழகிய பின் அத்திறமை தானாகச் சட்டைக்கு வந்துவிடுகிறது.

இந்த அம்மையாருக்கும் தமிழகத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1939-ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையாரின் அழைப்பின் பேரில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதால் இங்குள்ள ஆங்கில ஆட்சி அவரை அயல்நாட்டுப் பகைவராகக் கருதிக் கட்டுப்பாட்டில் வைத்தது. அக்காலத்தில், 1942 முதல் 1944 வரை, அவர் கொடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயிலும் சிறு பள்ளியில் தம் பணியைத் தொடர்ந்தார். குளிர் மிகுந்த நம் மலை ஒன்றில் வாழ்ந்து, நம் நாட்டுக் குழந்தைகளை அருகிலிருந்து கவனித்தவர் அவர். ஆகவே அவருடைய முறையை அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை.

அந்தச் சட்டத்தைச் செய்வதற்குப் பெருஞ்செலவும் இல்லை. ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவான சதுரச் சட்டம் ஒன்றைத் தச்சர் சிறிது நேரத்தில் செய்துவிடுவார். தறியில் அறுத்த பின் எஞ்சும் துண்டுத் துணி எந்த நெசவாளர் வீட்டிலும் கிடைக்கும். நான்கு பெரிய பொத்தான்களும் தைக்க ஓர் ஊசியும் இருந்தால் போதும். விளிம்பு பிரியாதபடி இரட்டையாக மடித்துத் தைப்பது முக்கியம்; குழந்தையின் கை ஒரே இடத்தை நூறு முறை இழுக்கும்.

நெசவாளருக்கும் தையற்காரருக்கும்

குழந்தை தானே உடுத்துவது குழந்தையின் திறமையை மட்டும் பொறுத்தது அன்று. உடையின் அமைப்பையும் பொறுத்தது. கூட்டுறவு நெசவாளரும், அவர் துணியைத் தைப்பவரும் இங்கே பெரும் பணி செய்யலாம். தமிழ்நாட்டில் பள்ளிக் குழந்தைகளின் விலையில்லாச் சீருடைக்கான துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களே நெய்து தருகின்றன. குழந்தையின் உடலில் நாள் முழுவதும் இருப்பது நம் உறுப்பினர் கைப்பட்ட துணியே.

முதலாவதாக, கழுத்து அகலமாக இருக்க வேண்டும். தலை நுழையாத கழுத்தே குழந்தையின் அழுகைக்குப் பாதிக் காரணம். இரண்டாவதாக, பொத்தான் பெரிதாகவும் தட்டையாகவும் இருத்தல் வேண்டும். அதன் காஜா, பொத்தானைவிடச் சற்றுத் தாராளமாக இருத்தல் வேண்டும். பொத்தானைத் துணியோடு இறுக்கித் தைக்காமல், நூலால் சிறு தண்டு விட்டுத் தைத்தால் குழந்தையின் விரல் அதன் அடியில் நுழையும். மூன்றாவதாக, இடுப்பில் கொக்கியைவிட எலாஸ்டிக்கே 5 வயது வரை நல்லது. நான்காவதாக, முன்புறம் எது, பின்புறம் எது என்று அறியப் பின்கழுத்தின் உட்புறத்தில் வண்ண நூலால் ஓர் அடையாளம் தைக்க வேண்டும். ஐந்தாவதாக, முதுகுப்புறப் பொத்தான்கள் கூடா. பெண் குழந்தைகளின் கவுன்களில் இவ்வழக்கம் மிகுதி. பெண் குழந்தை தன் உடையைத் தானே பூட்ட முடியாமல் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும்படி செய்வது இந்த ஒரு வரிசைப் பொத்தானே.

சட்டை வளர வளரப் போதவேண்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது நம் குடும்பங்களில் சிக்கனம். அச்சிக்கனத்தைக் குறை கூற முடியாது. ஆனால் கைப்பகுதி விரல்களை மூடிவிட்டால் குழந்தையால் எதையும் பிடிக்க முடியாது. ஆகவே மிகுந்த நீளத்தை உள்ளே மடித்துத் தைத்து, ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துவிடலாம்.

சமவெளியில் வாழும் நெசவாளர் குடும்பங்களுக்கு உறைபனி இல்லை. எனினும் மார்கழி, தை மாதங்களின் பனியில் விடியற்காலையில் தறிக்குழியில் இறங்கும் தாய்க்கும், குழந்தைக்குச் சட்டை மாட்டிவிட்டு ஓடும் அதே அவசரம் உண்டு. மேலே கூறியவை யாவும் அங்கும் பொருந்தும்.

அக்காளின் காலைப்பொழுது

இன்னொருவரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தாய் பறிப்புக்குச் சென்றுவிட்ட வீட்டில், தம்பி தங்கையரை உடுத்தி அங்கன்வாடிக்கு அனுப்பும் வேலை பெரும்பாலும் 9 அல்லது 10 வயது அக்காளின் தலையில் விழுகிறது. அண்ணன் இருந்தாலும் அவ்வேலை அக்காளுக்கே உரியது என்று எண்ணுகிறோம். தம்பிக்குக் காலுறை மாட்டிவிட்டு அவள் பள்ளிக்கு ஓடும்போது மணி அடித்துவிடுகிறது. நாள்தோறும் பிந்தி வரும் பெண் முதற்பாடத்தை இழக்கிறாள். நாளடைவில் படிப்பில் விருப்பத்தையும் இழக்கிறாள். 4 வயதுத் தம்பி தானே உடுத்தக் கற்றுக்கொண்டால், அந்தக் காலைப்பொழுது அக்காளுக்குத் திரும்பக் கிடைக்கும். ஒரு குழந்தையின் கையில் வந்த திறமை, மற்றொரு குழந்தையின் கல்வியைக் காப்பாற்றுகிறது. அண்ணனுக்கும் இப்பணியில் பங்கு கொடுத்தல் நம் கடமை.

இதற்கு வேண்டிய முதல் பொருள் நேரம். பெரியவர் இரண்டு நிமிடத்தில் செய்வதைக் குழந்தை 15 நிமிடத்தில் செய்யும். காலையில் 15 நிமிடம் முன்னதாக எழுப்பினால் போதும். அதுவும் இயலாத நாட்களில், ஓர் உடையை மட்டும் குழந்தைக்கு விட்டு மற்றவற்றை நாம் அணிவிக்கலாம். பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தால் உடனே பிரித்துப் போட வேண்டாம். கண்ணாடி முன் நிறுத்தி, "இரண்டு நுனியும் ஒன்றாக நிற்கிறதா, பார்" என்று சொன்னால் குழந்தையே கண்டுகொள்ளும். நாம் பிடுங்கித் திருத்தினால், "உன்னால் ஆகாது" என்று சொன்னதாகவே அது கொள்ளும்.

சில எச்சரிக்கைகள்

விளையாடப் போகும் சிறு குழந்தையின் கழுத்தில் நீண்ட மப்ளரைச் சுற்றி அனுப்புதல் ஆபத்து. ஊஞ்சலிலும் வேலியிலும் வண்டிச் சக்கரத்திலும் சிக்கிக் கழுத்தை இறுக்கக்கூடும். காதை மூடும் குல்லாயே போதும். கழுத்தருகே நாடா தொங்கும் சட்டைகளில் அந்நாடாவை உருவிவிடுக.

குளிருக்கு அஞ்சி அடுப்பருகே நின்று உடை மாற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அக்ரிலிக் முதலிய செயற்கை நூல் உடைகளில் தீப்பொறி பட்டால் அவை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். உடை மாற்றுவது அடுப்பினின்றும் எட்டவே நடைபெறட்டும். கதவும் சாளரமும் மூடிய அறையில் கரி நெருப்பு வைத்து உறங்குவது அதனினும் கொடிது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். வீட்டின் வெப்பத்திற்குக் கரியை நம்பாமல், உடலின் வெப்பத்திற்கு நல்ல உடையை நம்புவதே பாதுகாப்பு.

குளிர்கிறதா என்பதை விளையாட்டில் ஆழ்ந்த குழந்தை உணர்வதில்லை. தன் கையால் தன் பின்கழுத்தைத் தொட்டுப் பார்க்கக் கற்பிக்கலாம். கழுத்து ஈரமாக இருந்தால் ஓர் உடையைக் கழற்று, சில்லென்று இருந்தால் ஓர் உடையை அணி என்னும் எளிய விதியை 4 வயதுக் குழந்தையும் பின்பற்றும்.

சங்கம் செய்யக்கூடியது

ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே செய்வதைவிட, சங்கம் சேர்ந்து செய்தால் செலவும் குறையும், பயனும் பெருகும். நெசவாளர் சங்கங்கள் தம் துண்டுத் துணிகளைக் கொண்டு ஊர் அங்கன்வாடிக்கு நான்கைந்து உடுத்தும் சட்டங்களைச் செய்து கொடுக்கலாம். தேயிலை விவசாயிகள் சங்கங்கள் கார்த்திகை மாதத்திலேயே ஒரு நாள் குறித்து, வளர்ந்த குழந்தைகளுக்குப் போதாமற்போன கம்பளிச் சட்டைகளைத் திரட்டித் துவைத்து, அளவு வாரியாக மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். அங்கன்வாடிச் சுவரில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அடையாளப் படத்துடன் ஆணி அடித்துக் கொடுத்தால், கழற்றிய ஸ்வெட்டர் தரையில் கிடந்து ஈரமாகாது; மாலையில் யாருடையது எது என்ற குழப்பமும் வராது. இவற்றில் எதற்கும் தனி நிதி வேண்டுவதில்லை. பொதுக்குழுவில் ஒரு தீர்மானமும், முன்வரும் உறுப்பினர் சிலரும் போதும்.

ராக்டேல் முன்னோடிகள் 1844-ஆம் ஆண்டில் தம் சிறு கடையைத் திறந்த நாள் முதல், கூட்டுறவாளராகிய நாம் தன்னுதவியையும் பரஸ்பர உதவியையும் இரு கண்களாகப் போற்றி வருகிறோம். பிறர் கை நீளும் வரை காத்து நிற்காமல், தன்னால் இயன்றதைத் தானே செய்து, இயலாததற்கு மட்டும் துணை கேட்பவனே நல்ல உறுப்பினன் என்று கூட்டங்களில் பேசுகிறோம். அந்தப் பாடத்தை 3 வயதிலேயே, ஒரு பொத்தானையும் ஒரு காஜாவையும் கொண்டு தொடங்கலாம். வரும் மார்கழிக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைக்கு ஒரு காலுறையின் கடைசி இழுப்பை மட்டுமாவது விட்டுக்கொடுத்துப் பார்க்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.